பந்தல் போடுமுன் இடத்தை அளந்துவிடுங்கள்: தற்காலிகப் பந்தலுக்கு உள்ள விதிகள்

கல்யாணமோ பொதுக்கூட்டமோ அன்னதானமோ, பந்தல்காரரிடம் நாம் முதலில் கேட்பது "எத்தனை பேர் உட்காரலாம்?" என்றுதான். விதிப்படி முதலில் பார்க்க வேண்டியது வேறு: பந்தலைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாகக் கிடக்கும்?

இந்த விஷயத்தில் இந்தியா முழுவதற்கும் அடிப்படையாக இருப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 8758. தற்காலிகக் கட்டுமானங்கள், பந்தல்களில் தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதற்கான வழிமுறை அது. தன்னளவில் அது பரிந்துரைதான். ஆனால் தீயணைப்புத் துறையோ காவல்துறையோ உள்ளாட்சியோ அனுமதிக் கடிதத்தில் அதை நிபந்தனையாக எழுதிவிட்டால், அப்புறம் மீறினால் பொறுப்பு அனுமதி வாங்கியவர் தலையில்தான்.

அதில் உள்ள முக்கியமான அளவு 4.5 மீட்டர். பந்தலுக்கும் பக்கத்துக் கட்டடம் அல்லது சுவருக்கும் நடுவே நாலு பக்கமும் இவ்வளவு இடைவெளி வேண்டும். கேட்கச் சின்னதாகத் தெரிகிறது, இல்லையா? சுற்றுச்சுவர் உள்ள 25-க்கு 18 மீட்டர் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடைவெளி போக மிஞ்சுவது 16-க்கு 9 மீட்டர், அதாவது 450 சதுர மீட்டரில் வெறும் 144. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சமையலுக்கு இடமும் இதற்குள்ளிருந்துதான் போக வேண்டும். சுவரை ஒட்டியே கம்பு நடுகிற பழக்கம் ஏன் வந்தது என்பது இந்தக் கணக்கைப் போட்டால் புரிந்துவிடும். இடம் போதவில்லை என்றால் வேறு திடல் பார்ப்பதுதான் வழி. காலி விட்ட இடத்தில் சாப்பாட்டு மேசையைப் போட்டு நிரப்பினால் விட்டதற்கு அர்த்தமே இல்லை. தீயணைப்பு வண்டியும் ஓடி வருகிற கூட்டமும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

கூரையின் உயரம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. மின்கம்பிக்குக் கீழே பந்தல் போடவே கூடாது. துணை மின் நிலையம், ரயில் பாதை, உலை போன்றவற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

வெளியேறும் வழியிலும் ஒரு 15 மீட்டர் வருகிறது. உள்ளே எங்கே உட்கார்ந்திருந்தாலும் அதற்குள் ஒரு வாசலை எட்டிவிட வேண்டும். 40 மீட்டர் நீளப் பந்தலுக்கு இரண்டு முனையிலும் வாசல் வைத்தாலும் நடுவில் இருப்பவருக்கு 20 மீட்டர் ஆகிவிடும். ஆகவே பக்கவாட்டிலும் வாசல் வேண்டும். அழகுக்காகக் கட்டும் பக்கத் துணி அந்த வாசல்களை மறைத்துவிடுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். 1995-இல் ஹரியானாவின் டப்வாலியில் பள்ளி விழாவுக்குப் போட்ட செயற்கை இழைப் பந்தலில் தீப்பிடித்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே பெரும் சாவுக்குக் காரணம் தீ மட்டுமல்ல, கூட்டம் வெளியேற வழியில்லாததும்தான். 1997-இல் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலிலும், 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தலிலும் நடந்த உயிர்ப்பலி தீ விபத்துகளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

துணி விஷயத்துக்கு வருவோம். செயற்கை இழைத் துணியும் நைலான் கயிறும் கூடாது என்பது விதி. பருத்தித் துணியானாலும் தீ எளிதில் பற்றாத கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். கரைசலின் அளவு எடைக் கணக்கில் இப்படி: அம்மோனியம் சல்ஃபேட் 4 பங்கு, அம்மோனியம் கார்பனேட் 2, வெங்காரம் 1, போரிக் அமிலம் 1, படிகாரம் 2, தண்ணீர் 35. 35 கிலோ தண்ணீருக்கு 10 கிலோ மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே தண்ணீரில் கரையும் உப்புகள். ஒரு நல்ல மழை பெய்தாலோ துணியைத் துவைத்தாலோ போய்விடும். "போன வருஷமே முக்கியாச்சு சார்" என்று பந்தல்காரர் சொன்னால், அதற்கப்புறம் எத்தனை முறை துவைத்தீர்கள் என்று கேளுங்கள்.

சமையல் பந்தலுக்குள் கூடாது. தனியாக, தகரம் போல எரியாத பொருளில் கொட்டகை போட வேண்டும். சிலிண்டரில் பலருக்கும் தெரியாத கணக்கு ஒன்று உண்டு. எரிவாயு உருளை விதிகள், 2016-இன்படி உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோ வரைதான் சமையல் எரிவாயு வைத்திருக்கலாம். 19 கிலோ வணிக சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவது வந்ததும் வரம்பு தாண்டிவிடும். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைப் பந்திச் சமையலுக்குக் கொண்டுவருவது தனிக் குற்றம்.

தீயணைக்கத் தண்ணீர், தரைப்பரப்பில் சதுர மீட்டருக்கு 0.75 லிட்டர். நம் 144 சதுர மீட்டர் பந்தலுக்கு 108 லிட்டர். ஒரு டிரம்மும் சில வாளிகளும் போதும். இதைச் செய்யாததற்குச் சாக்கே கிடையாது. பாத்திரம் கழுவுகிறவர்கள் அதைக் காலி செய்துவிடாமல் ஓர் ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விளக்குகள் துணியிலிருந்தும் அலங்காரத்திலிருந்தும் 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஹாலஜன் கூடாது. மின்சாரத்துக்குத் தற்காலிக இணைப்பு கேட்டு வாங்குங்கள். கம்பத்தில் கொக்கி போடுவது மின்சாரச் சட்டம், 2003-இன் 135-ஆம் பிரிவில் திருட்டு. ஒலிபெருக்கிக்குக் காவல்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அதற்கு இடமில்லை.

கடைசியாகச் சாப்பாடு. சமையல் ஒப்பந்தக்காரரிடம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கும். முன்பணம் கொடுக்குமுன் அதைக் கேட்டு வாங்குங்கள். தற்காலிக ஸ்டால் போடுபவரும், மத விழாவிலோ சமூக நிகழ்ச்சியிலோ உணவு வழங்குபவரும் சிறு உணவு வணிகர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள். அவர்களுக்கும் பதிவு உண்டு. இலவசமாகத்தானே போடுகிறோம் என்று அன்னதானக் குழுக்கள் இதை விட்டுவிடுகின்றன. சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் குறையாமலும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்ற விதி அவர்களுக்கும் பொருந்தும். மூன்றாம் பந்திக்கு என்று காலையிலேயே வடித்துக் கொட்டி வைத்த சோறு அந்த 60-இல் நிற்காது. பந்திக்குப் பந்தி வடிக்க அடுப்புக் கொட்டகையில் இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே இடத்தை அளந்துகொள்ளுங்கள்.