வெட்டுப்பட்ட கையை ஐஸில் போடாதீர்கள்

போன வாரம் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும்போது வலது கை மணிக்கட்டோடு மெஷினில் போய்விட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் சேலம் வந்துவிட்டார்கள். வெட்டும் நேராக விழுந்திருந்தது. ஒட்டவைக்கத் தோதான காயம். மகன் தெர்மாக்கோல் பெட்டியைத் திறந்தார். மீன்கடை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அந்தக் கை வெறுமனே கிடந்தது. நகத்தில் மட்டும் மருதாணிச் சிவப்பு. மற்றபடி சுண்ணாம்பாக வெளுத்து விறைத்திருந்தது. ஒட்டவைக்க முடியவில்லை. இப்படி வீணாய்ப்போன கை இது முதல் தடவை இல்லை.

"குளுகுளுன்னு வைக்கச் சொன்னாங்களே டாக்டர்?" சொன்னது சரிதான். ஆனால் குளிர்ச்சி வேறு, உறைவது வேறு. ஐஸ் நேராகப் பட்டால் சதையும் ரத்தக்குழாயும் உறைந்து கெட்டுவிடும். அந்தக் குழாயைத்தான் நாங்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். தண்ணீரிலோ பாலிலோ மிதக்கவிட்டாலும் ஊறிக் கெட்டுவிடும்.

துண்டான பாகத்தைச் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசுங்கள். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் புகாமல் கட்டுங்கள். பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். அவ்வளவுதான்.

தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் தயவுசெய்து அறுத்துவிடாதீர்கள். காயத்தில் காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். துணி வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். குடிக்கவும் எதுவும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். துண்டானது விரல் மட்டும் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். சதையுள்ள கை, குளிர்ச்சியில்லாமல் 6 மணி நேரம் தாண்டினால் கஷ்டம். ஏற்காட்டு எஸ்டேட்காரர்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், வெட்டும் மெஷினில் சோளத்தட்டு சிக்கினால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். ஓடும் மெஷினில் கைவிட்டுத் தள்ளுவது என்ன வேலை? தட்டு தள்ளும் வாயில் இருக்கும் தகர மூடியை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கழற்றி மூலையில் போடுகிறார்கள். திரும்ப மாட்டுங்கள். கதிரடிக்கும் மெஷினில் கை போவதைத் தடுக்க 1983-லேயே மத்திய அரசு சட்டம் போட்டது. ஆனால் எந்த மெஷினாக இருந்தாலும், மூடியைக் கழற்றி வைத்தால் சட்டம் வந்து கையைப் பிடிக்காது. சுவிட்ச், தட்டு தள்ளுபவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், துண்டைக் கழற்றி வையுங்கள்.

பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். மோட்டார் ஓடாதபோதுகூட, மெஷின் சக்கரத்தைச் சுழற்றி விளையாடினால் விரல் போய்விடும். வேலை முடிந்ததும் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.