விலாசம் இல்லாதவருக்குத் தொற்றுநோய் வந்தால்: தங்குமிடங்களில் இருப்போரின் உரித்துகள்

வீடில்லாத ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் படிவத்தில் பெயர், வயது எல்லாம் ஒழுங்காக நிரம்பும். விலாசம் என்ற இடத்தில் பேனை நின்றுவிடும். சில வருடங்களுக்கு முன் ஒரு வயதானவரைக் காய்ச்சலோடு கூட்டிப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "விலாசம் இல்லாமல் எப்படி ஐயா பதியிறது?" என்று கேட்டார். கோபமில்லை, அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. கடைசியில், அந்த ஐயா இரவில் படுக்கும் மண்டபத்தின் பெயரையும் வீதியையும் எழுதினோம். அலுவல் முடிந்தது. அது போதும் என்று முதலே தெரிந்திருந்தால் முக்கால் மணித்தியாலம் வாங்கில் இருந்திருக்கத் தேவையில்லை.

திருகோணமலையில் தங்குமிடம் என்றால் ஒரு வகை மட்டுமில்லை. மாரியில் மகாவலி பெருகினால் வெருகல், மூதூர்ப் பக்கத்துச் சனம் பாடசாலைகளில் வந்து இருக்கும். முதியோர் இல்லம், சிறுவர் இல்லம், கோயில் மடம், பள்ளிவாசல் மண்டபம் இருக்கின்றன. பஸ் நிலையத்தில் அட்டை விரித்துப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். பருவத்துக்கு மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி போட்டிருக்கும் மீனவர்களுக்கு ஊரில் வீடு இருந்தாலும் இங்கே விலாசம் இல்லை. நோய் இந்த வித்தியாசம் எதையும் பார்க்காது. ஒரே கூரை, ஒரே தண்ணீர், ஒரே மலசலகூடம் என்றால் அதற்குப் போதும்.

இவர்களுக்கு உள்ள பாதுகாப்பு ஒரே காகிதத்தில் எழுதியிருக்கவில்லை. தொற்றுநோய்ச் சட்டத்தில் கொஞ்சம், அனர்த்தச் சட்டத்தில் கொஞ்சம், இலவச சுகாதார சேவையில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. பொறுக்கி எடுக்க ஒரு சூத்திரம் உண்டு. சுகாதாரத் துறை நீங்கள் இன்றிரவு எங்கே படுக்கிறீர்கள் என்று பார்க்கும். நிவாரணத் துறை உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பார்க்கும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் கிடைக்க வேண்டியதையும் கேட்காமல் விடுகிறார்கள்.

முதலில் சுகாதாரப் பக்கம். இங்கே அடிப்படைச் சட்டம் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். நூற்றாண்டு தாண்டிய சட்டம்தான், ஆனால் 2020இல் கொரோனாவுக்கு ஆட்களைத் தனிமைப்படுத்தியதும் முகக்கவசம் கட்டாயமானதும் இதன் கீழ்தான். அறிவிக்க வேண்டிய நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, சின்னமுத்து, கொப்பளிப்பான், செங்கமாரி, காசநோய், உணவு நஞ்சாதல் எல்லாம் அதில் வரும். காசநோய்க்குத் தனிப் படிவம் உண்டு. மற்றவற்றில் ஒன்று என்று சந்தேகம் வந்தாலே வைத்தியம் பார்ப்பவர் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி, அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் எம்.ஓ.எச். என்று சொல்பவர் இவர்தான். அதன் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ., நோயாளி இருந்த இடத்துக்கு வந்து பார்ப்பார்.

இங்கேதான் விலாசம் முக்கியமாகிறது. அடையாள அட்டையில் மூதூர் விலாசம் உள்ளவர் உப்புவெளியில் ஒரு மண்டபத்தில் படுக்கிறார் என்றால், பி.எச்.ஐ. வர வேண்டியது அந்த மண்டபத்துக்கு. படிவத்தில் மூதூர் என்று எழுதிவிட்டால் அவர் மூதூரில் ஒரு வெறும் வளவில் போய் நிற்பார். மண்டபத்தில் மற்ற முப்பது பேரும் நோயோடு இருப்பார்கள். ஆகவே ஆஸ்பத்திரியில் கேட்டால் படுக்கிற இடத்தைச் சொல்லுங்கள், நிரந்தர விலாசத்தை அதற்கடுத்ததாகச் சொல்லலாம். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். எழுந்து நடக்க முடியாதவருக்கு 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸும் இலவசம், பஸ் நிலையத்து வாசலுக்கும் வரும்.

சொறி போன்றவை அறிவிக்க வேண்டிய பட்டியலில் இல்லை. அதற்காகப் பேசாமல் இருக்கத் தேவையில்லை. ஒரே கிழமையில் நாலைந்து பேருக்கு ஒரே மாதிரி வருத்தம் என்றால், அது என்ன என்று தெரியாவிட்டாலும் எம்.ஓ.எச். பணிமனைக்குச் சொல்லிவிடலாம்.

நோயாளியை வெளியே போகச் சொல்ல இல்லப் பொறுப்பாளருக்கு அதிகாரம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஒருவரைத் தனிமைப்படுத்துவது, வேறு இடத்துக்கு மாற்றுவது, ஒரு கட்டடத்தை மூடுவது எல்லாம் சட்டத்தின் கீழ் சுகாதார அதிகாரியின் வேலை. பொறுப்பாளர் அறையில் வைத்துப் பூட்டுவதற்கோ, பையைத் தூக்கி வாசலில் வைப்பதற்கோ இந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வெளியே போனவர் வேறொரு மடத்தில் போய்ப் படுப்பார், அவ்வளவுதான் நடக்கும். அதே நேரம், அதிகாரி முறையாக இட்ட தனிமைப்படுத்தல் கட்டளையை மீறினால் 6 மாதம் வரை சிறையும் 10,000 ரூபா வரை தண்டமும் உண்டு. அது தங்கியிருப்பவருக்கும் பொருந்தும், நடத்துபவருக்கும் பொருந்தும்.

சரி, நிவாரணப் பக்கம். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் என்றதும் எல்லோரும் சுனாமி, வெள்ளம், புயல் என்றுதான் நினைப்போம். அந்தச் சட்டம் அனர்த்தம் என்று சொல்லும் பட்டியலில் கொள்ளைநோயும் இருக்கிறது. வெள்ளத்துக்கு இயங்கும் அதே வரிசை தொற்றுக்கும் இயங்கும்: கிராம உத்தியோகத்தர், அதாவது ஜீ.எஸ்., பட்டியல் எடுப்பார், பிரதேச செயலகம் வழங்கும், கச்சேரியில், அதாவது மாவட்ட செயலகத்தில், உள்ள மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு ஒருங்கிணைக்கும். அவசர இலக்கம் 117.

வழங்குவது எல்லாம் பட்டியல்படிதான். 2020 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா நிவாரணமாக 5,000 ரூபா கொடுத்தபோது அது ஜீ.எஸ். பிரிவுப் பட்டியல் வழியாகத்தான் போனது. எந்தப் பிரிவிலும் பெயர் இல்லாதவர் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் தங்குமிடம் நடத்துபவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல், அமைதியான காலத்திலேயே தங்கள் பகுதி ஜீ.எஸ்.ஸிடம் போய், "எங்களிடம் இத்தனை பேர் இருக்கிறார்கள், நிரந்தர விலாசம் இல்லாதவர்கள் இத்தனை பேர்" என்று எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றில் கையொப்பம் வாங்கி வைக்க வேண்டும். வாயால் சொன்னது ஜீ.எஸ். மாற்றலாகிப் போனால் அவரோடு போய்விடும். முதியோர் இல்லமாக இருந்தால் வேலை இன்னும் இலகு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கும், அந்த இலக்கத்தையும் கடிதத்தில் போடுங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. நான் பார்த்ததில் நன்றாக இருந்த ஒன்றில், பக்கத்தை நீளவாட்டில் ஆறாகக் கோடு போட்டிருந்தார்கள். பெயர், வயது, வந்த திகதி, பாய் இலக்கம், தெரிந்த ஒருவரின் தொலைபேசி, போன திகதி. பாய் இலக்கம் எதற்கு என்று சிரித்தேன். அப்புறம் ஒரு பையனுக்குக் கொப்பளிப்பான் வந்தபோது விளங்கியது. முதல் மூன்று இரவும் அவன் 14ஆம் பாயில் படுத்தவன், 13இலும் 15இலும் படுத்தது யார் என்று அந்தக் கொப்பிதான் சொன்னது. அதில் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. பி.எச்.ஐ. அவளைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கொப்பளிப்பான் கொப்பளம் போடுவதற்கு ஓரிரு நாள் முந்தியே பரவத் தொடங்கும், எல்லாக் கொப்பளமும் காய்ந்து பக்குக் கட்டும் வரை பரவும். எங்கள் ஆட்கள் அம்மாள் வருத்தம் என்று வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். கட்டட்டும், பார்ப்பவர் விலகி நடப்பார். வைத்தியரிடம் காட்டாமல் விடுவதுதான் பிழை.

இடைவெளி பற்றி நாட்டுச் சட்டத்தில் அடிக்கணக்குத் தேடுவதை விட, நிவாரண நிறுவனங்கள் உலகெங்கும் பாவிக்கும் ஸ்பியர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் இடம், ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை 37 சதுர மீற்றர் சொச்சம், பத்துப் பேருக்குத்தான் கணக்கு. வெள்ளத்தில் அங்கே முப்பது பேரைப் பார்த்திருக்கிறேன். கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாவிட்டாலும், பிரதேச செயலகத்தில் போய் இடம் காணாது என்று வாதாட இந்த எண்கள் உதவும். வேறு வழியே இல்லையென்றால் ஒருவர் தலை வைக்கும் பக்கம் அடுத்தவர் கால் வைத்துப் படுக்கலாம், இருமல் முகத்தில் நேரே விழாது. யன்னலைத் திறந்து வைக்கச் செலவில்லை.

வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியை நெற்றிக்கு நீட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வீடற்றோர் தங்குமிடம் ஒன்றில் 408 பேரையும் பரிசோதித்தார்கள். 147 பேருக்குக் கொரோனா இருந்தது. அவர்களில் காய்ச்சல் இருந்தவர் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. ஒருவருக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் பரிசோதனை கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

டெங்கு ஆளிலிருந்து ஆளுக்கு நேரே தொற்றாது, நுளம்பு வழியாகத்தான். 2017இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்த வருடம், கிண்ணியாவில் பாடசாலைகளை மூட வேண்டி வந்தது மறந்திருக்காது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவைச் சுத்தமாக வைக்கும் பொறுப்பை அந்த வளவுக்குரியவர் மேல் போடுகிறது, தங்கியிருப்பவர் மேல் மட்டும் அல்ல. பவுசர் தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாய்க்கு மூடி கேளுங்கள். காய்ச்சல்காரருக்குப் பகலிலும் நுளம்பு வலை வேண்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை, அதுவரை பரசிற்றமோல் மட்டும்.

வெள்ளத் தண்ணீரில், வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டொக்ஸிசைக்கிளின் குளிசை பி.எச்.ஐ. மூலம் இலவசமாகக் கிடைக்கும். வயிற்றோட்டம் தொடங்கினால் ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூள், ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். சோடாப் போத்தலில் கண்மட்டத்துக்குக் கலக்க வேண்டாம்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை வெள்ளத்தோடு போனாலும் தடுப்பூசி போகாது. சின்னமுத்துக்கான ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும். தங்கியிருக்கும் பகுதிக் குடும்ப சுகாதார மிட்வைஃபிடம் சொன்னால் பழைய பகுதிப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்துப் போடலாம்.

காசநோய்தான் கஷ்டமானது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை, பணம் இல்லை. மருந்தும் இலவசம், ஆனால் குறைந்தது 6 மாதம். ஆறு மாதம் ஒரே இடத்தில் நிற்காதவருக்கு அது எப்படி? இடம் மாறும்போது சிகிச்சையையும் அடுத்த மாவட்ட நிலையத்துக்கு மாற்றித் தருவார்கள், போகுமுன் சொன்னால். 2006இல் சம்பூரிலிருந்து வெளியேறி, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் தகரத்தின் கீழ் வருடக்கணக்கில் இருந்த சனத்துக்கு இது தெரியும்: தற்காலிகம் என்று அரசாங்கம் சொல்வது சிலவேளை ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகும் வரை நீளும். மருந்து, தடுப்பூசி, பதிவு எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கேட்டு வைக்க வேண்டும்.

வைத்தியம் மறுக்கப்பட்டால் அல்லது நோயைச் சொல்லி வெளியேற்றினால், முதலில் எம்.ஓ.எச்.சிடம், பிறகு பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் எழுத்தில் கொடுக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் அலுவலகம் உண்டு, தொலைபேசி 1996. வீதியில் படுப்பவர்கள் பலர் அதிகாரி என்றாலே ஒளிக்கிறார்கள். வேலையின்றி அலைபவரைப் பிடிக்கும் 1841ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் நிழல் அவர்கள் மேல் இருக்கிறது, குற்றம் சொல்ல முடியாது. பி.எச்.ஐ. பொலிஸ் அல்ல என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது, அவர்கள் நம்பும் ஆளின் வேலை.

கடைசியாக அந்தக் கொப்பி. நோய் விவரத்தை அதே பக்கத்தில் எழுதாதீர்கள். அதற்கு இன்னொரு கொப்பி, பூட்டு உள்ள இலாச்சியில். பொறுப்பாளரும் பி.எச்.ஐ.யும் பார்த்தால் போதும். சோற்றுப் பொதியோடு கமரா கொண்டு வருபவர்கள் கேட்டால் முதல் கொப்பியையும் காட்டத் தேவையில்லை.