ஜம்பர் போடாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாதீர்கள்

"இழுவை குறைஞ்சிட்டுது, டைமிங்கைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ" என்று கராஜில் கேட்பவர்கள் இன்னும் நிறையப் பேர். டைமிங் என்பது, பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்பே பிளக்கில் தீப்பொறி விழுகிறது என்ற கணக்கு. காபரேட்டர் காலத்தில் அதைக் கூட்டச் சொல்வது நியாயமான கோரிக்கைதான். டிஸ்ட்ரிபியூட்டரின் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பகுதி) நட்டைத் தளர்த்தி, காதால் கேட்டு, கையால் திருப்பி முடித்துவிடலாம். ஆனால் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடும் கொரோலா 110, கரினா 212 போன்ற கார்களின் 5ஏ-எஃப்ஈ என்ஜினில், டிஸ்ட்ரிபியூட்டர் பழைய மாதிரியே தெரிந்தாலும் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவுசெய்கிறது. நாம் கை வைக்கக்கூடியது அடிப்படை டைமிங் ஒன்றில் மட்டும்தான்; இந்த என்ஜினில் அது 10 டிகிரி. அந்த அடிப்படையிலிருந்து எண்ணித்தான் கம்ப்யூட்டர் மற்றக் கணக்குகளைப் போடுகிறது. அடிப்படை 5 டிகிரி பிழைத்தால் எல்லா வேகத்திலும் அந்த 5 டிகிரி பிழை கூடவே வரும்.

ஐடிலில் (பெடல் மிதிக்காமல் ஓடும் நிலையில்) சும்மா டைமிங் லைட் (ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னும் விளக்கு) அடித்துப் பார்த்தால் 10 டிகிரிக்கு மேலே போய், கூடிக் குறைந்து ஆடிக்கொண்டிருக்கும். ஐடிலை நிலையாக வைக்கக் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம் அது; பழுது அல்ல. அதைப் பார்த்துவிட்டு "கூடிப் போச்சு" என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 10க்குக் கொண்டுவந்தால், உண்மையான அடிப்படை அதற்கும் கீழே இறங்கிவிடும். கார் மந்தமாகும், பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும், புகைக்குழாய்ப் பக்கம் அளவுக்கு மேல் சூடேறும். கராஜில் நாம் பார்க்கும் பிழையான டைமிங்கில் பெரும்பகுதி இப்படி உண்டானதுதான்.

சரியாகப் பார்க்க, முதலில் என்ஜின் நன்றாகச் சூடேற வேண்டும். ரேடியேற்றர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை பொறுங்கள். ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஓஃப். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்து. பொனட்டுக்குள் 'டயக்னோசிஸ்' என்று எழுதிய சிறு பெட்டி இருக்கும். அதன் மூடியின் உட்புறத்தில் எந்த ஓட்டை எது என்று அச்சிட்டிருக்கும். டிஈ1 (TE1), ஈ1 (E1) இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். இதுதான் ஜம்பர்; இதைப் போட்டால் கம்ப்யூட்டர் தன் திருத்தத்தை நிறுத்தி, டைமிங்கை அடிப்படையில் பூட்டிவிடும். இங்கே அவசரம் கூடாது: பக்கத்து ஓட்டைகளில் பற்றறி மின்சாரம் வரும் முனையும் உண்டு, தவறி அதை ஈ1உடன் சேர்த்தால் ஃபியூஸ் போகும், வயரிங்கும் கருகலாம்.

ஜம்பர் போட்டதும் செக் என்ஜின் விளக்கு மினுங்கத் தொடங்கும். இடைவிடாமல் ஒரே சீராக மினுங்கினால் பழுதுக் கோட் ஏதும் இல்லை. எண்ணி எண்ணி மினுங்கினால் (உதாரணமாக 22 என்றால் தண்ணீர்ச் சூட்டு சென்சர், 41 என்றால் த்ரோட்டில் சென்சர்) முதலில் அந்தப் பழுதைத் தீருங்கள். என்ஜின் வேகம் சில விநாடிகள் நிமிடத்துக்கு 1000 முதல் 1300 சுற்று வரை ஏறி, பிறகு ஐடிலுக்குத் திரும்பும். திரும்பிய பிறகுதான் அளக்க வேண்டும்.

டைமிங் லைட்டின் கவ்வியை 1ஆம் சிலிண்டர் பிளக் வயரில், அதாவது டைமிங் பெல்ட் பக்கத்து முதல் வயரில், அம்புக்குறி பிளக்கைப் பார்க்கும்படி மாட்டுங்கள். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லியின் வெட்டில் வெள்ளைச் சோக்கு பூசிவிட்டால் தெளிவாகத் தெரியும். அந்த வெட்டு, கீழ் பெல்ட் மூடியில் உள்ள அளவில் 10இல் அசையாமல் நிற்க வேண்டும். இந்த ஒளியில் புல்லியும் பெல்ட்டும் ஓடாமல் நிற்பதுபோலத் தெரியும். கை, சட்டைக்கை, வயர் எதுவும் அருகில் போகக் கூடாது. விரல் போவது இப்படித்தான்.

10இல் இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டுகளைக் கொஞ்சமே தளர்த்தி, மயிரிழை அளவு திருப்புங்கள். அதன் உள் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், டிஸ்ட்ரிபியூட்டரை 1 டிகிரி திருப்பினால் டைமிங் 2 டிகிரி மாறும். அதன் உள்ளே உள்ள ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் கூடும். போல்ட்டை இறுக்கும்போது கொஞ்சம் நகர்ந்துவிடும் என்பதால் இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். பழைய ஓ-ரிங் கெட்டித்துப் போயிருந்தால் திருப்பிய இடத்தில் ஒயில் கசியத் தொடங்கும், புதியதைப் போடுவது நல்லது. கடைசியில் ஜம்பரைக் கழற்றுங்கள். இப்போது எண் 10ஐத் தாண்டி ஏறும்; ஏறினால்தான் சரி.

ஜம்பர் போட்டும் எண் ஆடிக்கொண்டே இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாதீர்கள். த்ரோட்டில் சென்சரின் ஐடில் தொடர்பு மூடவில்லையென்றால், கால் பெடலில் இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பூட்டாது. பெடலை மிதிக்காத நிலையில் சென்சரின் ஐடிஎல், ஈ2 முனைகளுக்கு இடையே மல்டிமீற்றரில் தொடர்பு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சென்சரின் இரு ஸ்குரூக்களைத் தளர்த்திச் சரிசெய்தாலே வேலை முடிந்துவிடும்.

மிக மோசமான தவறு இன்னொன்று. டைமிங் பெல்ட் மாற்றும்போது ஒரு பல் தவறி மாட்டியிருந்தால், கேமுடன் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டரும் பிசகும். அதைத் திருப்பி 10க்குக் கொண்டுவந்துவிடலாம், லைட்டும் சரியென்றே சொல்லும். ஆனால் வால்வுகள் திறப்பது பிழையாகவே இருக்கும், இழுவை வரவே வராது. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரை ஓர் ஓரத்துக்கே திருப்ப வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு மேல் மூடியைக் கழற்றிக் கேம் குறியைப் பாருங்கள். புல்லியின் வெளிவளையம் ரப்பரிலிருந்து வழுக்கியிருந்தாலும் குறி பொய் சொல்லும். 1ஆம் பிளக்கைக் கழற்றி, மெல்லிய கோலால் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்டு, குறி 0இல் நிற்கிறதா என்று ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இழுவைக்காக 14, 15க்கு ஏற்றிவைப்பவர்களுக்கு: சுமையோடு மேட்டில் ஏறும்போது என்ஜின் 'டொக் டொக்' என்று தட்டும். அந்தத் தட்டு பிஸ்டனின் ரிங் மேடுகளை உடைக்கும், ஹெட் கஸ்கெட்டைத் தின்னும். இந்த என்ஜினுக்கு 92 பெற்றோலும் 10 டிகிரியும் போதும்.

1என்இசட்-எஃப்ஈ போன்ற விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தையும் கம்ப்யூட்டரே மாற்றும்) என்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில். ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி (பழுது பார்க்கும் கருவியை மாட்டும்) சொக்கெற்றில் 13ஆம், 4ஆம் முனைகளை இணைத்தால் ஐடிலில் 8 முதல் 12 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிராங்க் சென்சர், கேம் சென்சர், டைமிங் செயின் என்று தேட வேண்டும். திருப்ப ஒன்றுமே இல்லாத இந்த என்ஜினில் "டைமிங் கூட்டித் தாறன்" என்று யாராவது பணம் கேட்டால், எதைத் திருப்பப் போகிறார் என்று பொனட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.