வானளாவிகளுக்குள் ஓடும் எக்ஸ்பிரஸ்

கோலாலம்பூர் போய்வந்த, மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊர் மாணவி ஒருத்தி கேட்டு எழுதியிருக்கிறாள்: பெட்ரோனாஸ் கோபுரங்களைப் போல ஒன்றுகூட நம் தலைநகர் போர்ட் லூயிஸில் ஏன் இல்லை? நம்முடையது பெரிய நகரம் இல்லையா?

போர்ட் லூயிஸில் மிக உயரமானது மொரீஷியஸ் வங்கியின் கோபுரம், 124 மீட்டர். பெட்ரோனாஸ் 452 மீட்டர். துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர், நம் பீட்டர் போத் மலையைவிடச் சற்றே அதிகம். இப்படி உயரத்தை வைத்து நகரங்களை வரிசைப்படுத்துவது சுலபம்தான். ஆனால் ஒரு கோபுரத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி வேறு. இதில் வேலை பார்க்கும் பல்லாயிரம் பேரும் காலையில் அரை மணி நேரத்துக்குள் எப்படி மேலே போய்ச் சேர்கிறார்கள்?

எஃகுச் சட்டம், கான்கிரீட், காற்றின் தள்ளுவிசை எல்லாம் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்டை எலிஷா ஓட்டிஸ் நியூயார்க் கண்காட்சியில் 1854இல் செய்து காட்டினார் என்பதும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு உயரத்துக்குத் தடையாக நின்றது வேறொன்று: லிஃப்ட் அடைத்துக்கொள்ளும் இடம்.

லிஃப்ட் ஓடுவதற்கு அடித்தளத்திலிருந்து உச்சிவரை ஒரு செங்குத்தான தடம் வேண்டும். 80ஆவது மாடிக்குப் போகும் லிஃப்ட் 5ஆவது மாடியில் நிற்காமல் போகலாம். ஆனாலும் அங்கே ஓர் அறையளவு இடத்தை அது விழுங்கிவிடுகிறது. கட்டடத்தை இரு மடங்கு உயர்த்தினால் ஆட்களும் இரு மடங்கு, லிஃப்டுகளும் இரு மடங்கு. தூரம் கூடுவதால் ஒவ்வொரு லிஃப்டும் திரும்பிவர அதிக நேரம் ஆகும். ஆகவே இன்னும் சில லிஃப்டுகள் தேவை. அத்தனையும் கீழ்மாடிகளைத் துளைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல், புதிதாக ஒரு மாடி கட்டிக் கிடைக்கும் இடத்தைவிடக் கீழே லிஃப்டுக்காக இழக்கும் இடம் அதிகமாகிவிடும். கட்டுபவர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

இதிலிருந்து மீளும் வழியைத்தான் நான் ரசித்து ரசித்துப் படிப்பேன். முதலில் சின்னக் கணக்கு ஒன்று. ஒரு லிஃப்டில் 12 பேர் ஏறுகிறார்கள், மேலே 10 மாடிகள். ஒருவர் குறிப்பிட்ட ஒரு மாடியில் இறங்காமல் இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. பன்னிரண்டு பேருமே அந்த மாடியில் இறங்காமல் இருக்க, 0.9ஐப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.28. அப்படியானால் அந்த மாடியில் லிஃப்ட் நிற்கும் வாய்ப்பு 0.72. பத்து மாடிக்கும் சேர்த்துச் சராசரியாக 7 நிறுத்தங்கள். அதே 12 பேருக்கு 30 மாடிகள் என்றால் நிறுத்தங்கள் 10 ஆகிவிடும். வேகம் குறைத்து, கதவு திறந்து, ஆள் இறங்கி, கதவு மூடி, மறுபடி வேகம் பிடிக்க ஒவ்வொரு முறையும் பத்து விநாடி என்று வைத்துக்கொள்வோம். அரை நிமிடம் கூடிவிட்டது, கூடுதல் தூரத்தைக் கணக்கில் சேர்க்காமலே. நேரத்தைத் தின்பது பயணத்தைவிட நிறுத்தங்கள்தான்.

இதே தொல்லை சுரங்க ரயிலுக்கும் உண்டு. நியூயார்க் அதை 1904இலேயே தீர்த்துவிட்டது. அங்கே முதல் சுரங்கப் பாதையிலேயே நான்கு தண்டவாளங்கள் போட்டார்கள்: எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலுக்கு இரண்டு, முக்கிய நிலையங்களில் மட்டும் நிற்கும் எக்ஸ்பிரஸுக்கு இரண்டு. அறுபது ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் உலக வர்த்தக மையத்தை வடிவமைத்தவர்கள், அந்த ரயில் அமைப்பைப் பார்த்துத் தங்கள் லிஃப்டுகளை அமைத்தார்கள். 110 மாடிகளை மூன்று பகுதிகளாகப் பிரித்து, 44ஆவது மாடியிலும் 78ஆவது மாடியிலும் மாறி ஏறும் கூடங்களை வைத்தார்கள். ஒரே தடவையில் 55 பேரை ஏற்றும் பெரிய எக்ஸ்பிரஸ் லிஃப்டுகள் தரையிலிருந்து அந்தக் கூடங்களுக்கு இடைநில்லாமல் ஓடின. அங்கே இறங்கி உள்ளூர் லிஃப்டுக்கு மாற வேண்டும்.

சரி, இதனால் இடம் எப்படி மிச்சமாகும்? 90 மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முப்பது முப்பது மாடியாக மூன்று பகுதி, பகுதிக்கு எட்டு லிஃப்ட். எல்லா லிஃப்டும் தரையிலிருந்தே கிளம்பினால் கீழ்மாடிகளில் 24 தடங்கள் இருக்கும். இப்போது மாறும் கூடங்களை வையுங்கள். முதல் பகுதியின் எட்டுத் தடங்கள் எங்கே முடிகின்றனவோ, அதற்கு நேர் மேலேயே இரண்டாம் பகுதியின் எட்டும், அதற்கு மேலே மூன்றாம் பகுதியின் எட்டும் தொடங்குகின்றன. ஒரே தடத்தில் மூன்று லிஃப்டுகள், ஒன்றின் தலைக்கு மேல் ஒன்று, ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன! கூடவே இரண்டு கூடங்களுக்கும் எக்ஸ்பிரஸ் நான்கு நான்கு. நிற்காமல் போவதாலும் பெரியவை என்பதாலும் குறைவாக இருந்தாலே போதும். மொத்தம் 16 தடங்கள். கீழ்ப் பகுதியின் முப்பது மாடிகளிலும் எட்டுத் தடங்களின் இடம் திரும்பக் கிடைத்துவிட்டது.

உலக வர்த்தக மையத்தின் பழைய படங்கள் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். வெள்ளி நிறச் சுவரில் சற்றே கறுத்த பட்டைகள் குறுக்கே ஓடும். அவை இயந்திரத் தளங்கள். மாறும் கூடங்களுக்குச் சற்றுக் கீழேதான் இருந்தன. உள்ளே போகாமலேயே, எங்கே இறங்கி மாற வேண்டும் என்பதை ஆற்றுக்கு அப்பாலிருந்து சொல்லிவிடலாம். பெட்ரோனாஸிலும் புர்ஜ் கலீஃபாவிலும் இதே மாறும் முறைதான்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு கணக்குப் போட்டுக் கட்டிய கோபுரங்கள் பலவற்றில் லிஃப்ட் பொத்தான் வரிசையில் 12க்கு அடுத்து 14 வருகிறது. ஹாங்காங்கில் 4ஐயும் விட்டுவிடுகிறார்கள். எண்ணைப் பார்த்துப் பயப்படுவதை உலோகத்தில் பொறித்துக் குழந்தைகளுக்குக் காட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், கோபுரத்துக்கு உள்ளே நடக்கும் இந்த ஏற்பாடு வாசலோடு முடிவதில்லை. பத்தாயிரம் பேரை லிஃப்ட் மேலே ஏற்ற வேண்டுமானால், முதலில் அந்தப் பத்தாயிரம் பேரும் வாசலுக்கு வந்து சேர வேண்டும். எல்லாரும் காரில் வந்தால், நிறுத்துவதற்கு இன்னொரு கோபுரம் கட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் உயரங்கள் நிலையங்களைச் சுற்றியே முளைக்கின்றன. ஹாங்காங்கின் மிக உயரமான கட்டடம், 484 மீட்டர், கௌலூன் ரயில் நிலையத்தின் மேலேயே நிற்கிறது; அங்கே ரயில் நிறுவனமே நிலையங்களின் மேல் கட்டடம் எழுப்பி, அந்த வருமானத்தைப் பாதைக்குச் செலவிடுகிறது. நியூயார்க்கில் 2020இல் திறந்த ஒன் வாண்டர்பில்ட் கோபுரத்துக்குக் கூடுதல் உயரம் அனுமதித்தபோது, பக்கத்திலுள்ள கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தைச் சீரமைக்க 22 கோடி டாலர் செலவிடும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நம் பக்கத்து ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது வேறு மாதிரி. 223 மீட்டர் கார்ல்டன் சென்டர் 1973இலேயே எழுந்துவிட்டது. கௌட்ரெய்ன் என்ற புதிய விரைவு ரயில் ஓடத் தொடங்கியது 2010இல்தான்.

பாரிஸ் இந்த வரிசைக்குள் அடங்காது. நகரின் நடுப்பகுதியில் உயரத்துக்கு 1970களில் கடிவாளம் போட்டார்கள், ஆனால் எந்தத் தெருவில் நின்றாலும் கொஞ்ச தூரத்தில் மெட்ரோ வாசல் இருக்கும். வானத்தில் உயரமே இல்லாமலும் ஒரு மாநகரம் லட்சக்கணக்கானோரைத் தினமும் இடம் மாற்றலாம். எனக்குப் பிடித்த நகரம் எது என்று கேட்டால் பாரிஸைத்தான் சொல்வேன்.

இப்போது நம் ஊர். மொரீஷியஸில் 1864இல் ரயில் வந்தது. பயணிகள் ரயிலை 1956இல் நிறுத்திவிட்டோம், 1964இல் பாதையையே மூடிவிட்டோம். மறுபடி தண்டவாளத்தில் மக்கள் ஏறியது மெட்ரோ எக்ஸ்பிரஸ் வந்த 2019இல். பாதை 2022இல் கியூர்பிப்பைத் தொட்டது. அடுத்த ஆண்டு ரோஸ் ஹில்லிலிருந்து எபென் வழியாக ரெடுயிக்கு ஒரு கிளை பிரிந்தது. ஒரு வண்டியில் முந்நூறு பேருக்கு மேல் ஏறலாம். போர்ட் லூயிஸிலிருந்து வரும் எபென் ஊழியர் ரோஸ் ஹில்லில் இறங்கி மாறுகிறாரே, அதுதான் 44ஆவது மாடியில் நடந்ததும். தங்கையே, நீ தினமும் பார்க்கும் ரோஸ் ஹில் நிலையம் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் ஒரு மாறும் கூடம்.

மாறும் கூடத்தின் வெற்றி ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் நேரம். உலக வர்த்தக மையத்தில் அதை விநாடிகளில் கணக்கிட்டார்கள். நம் நிலையங்களில் மெட்ரோவிலிருந்து இறங்கிப் பேருந்துக்கு மாறுபவர் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்பதை அளக்க வேண்டும். ரெடுயியில் ரயில் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. இந்த ஆய்வுக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கடிகாரமும், ஒரு வருடத்துக்குச் சில மாணவர்களுக்கு உதவித்தொகையும் போதும். கான்கிரீட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் மிகச் சிறிய பங்கை இதற்குத் தர வேண்டும் என்று நான் மனமாரக் கேட்கிறேன். காலை ஏழரை மணிக்கு ரோஸ் ஹில்லில் தொடங்கலாம், மழை நாட்களையும் சேர்த்து.