பச்சைத் தொட்டியில் போடும் இலைதழை: கலிஃபோர்னியா விதிகள் கேட்பது என்ன?

கலிஃபோர்னியாவின் பெரும்பாலான ஊர்களில் வெட்டிய புல், சருகு, கிளை, சமையலறைக் கழிவு எதையும் சாதாரணக் குப்பையோடு சேர்த்துப் போடக் கூடாது; பச்சைத் தொட்டியில் தனியாகப் போட வேண்டும். 2016இல் கையெழுத்தான எஸ்.பி. 1383 (மாநில செனட் மசோதா 1383) சட்டத்தின் விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. குப்பைக்கிடங்கில் காற்றுப் புகாமல் புதையும் இலைதழை அழுகி மீத்தேனை வெளியிடும் என்பதுதான் காரணம். கிடங்குக்குப் போகும் மக்கும் கழிவை, 2014ஆம் ஆண்டு அளவிலிருந்து 75 சதவீதம் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அதற்கான கெடு 2025.

சரி, பச்சைத் தொட்டியிலிருந்து லாரியில் போன தழை என்ன ஆகிறது? கம்போஸ்ட் (மக்கிய உரம்) செய்யும் தளத்தில் அதை அரைத்து, ஏரிக்கரை போல நீளநீளக் குவியல்களாகப் போடுவார்கள். இதற்கு விண்ட்ரோ என்று பெயர். குவியலின் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூடு 15 நாளாவது இருக்க வேண்டும். அந்த நாட்களுக்குள் குறைந்தது 5 தடவை புரட்டிப் போட வேண்டும். மேல்பக்கம் ஆறிக் கிடக்கும் அல்லவா? அதிலுள்ள கிருமியும் சாக வேண்டுமென்றால், மேலே இருப்பது உள்ளே போய்ச் சூட்டில் வேக வேண்டும். கூடவே களைவிதையும் செத்துவிடும். புரட்டாமல் விட்டால் காற்றில்லாமல் நாறும், அக்கம்பக்கத்தார் புகார் கொடுப்பார்கள்.

சூட்டைத் தினமும் பார்க்க வேண்டும். மேலிருந்து ஓரடி முதல் இரண்டடி ஆழம் வரை நீளக் கம்பி வெப்பமானியைக் குத்தி, எண் நிலைத்ததும் குறித்துக்கொள்வார்கள். 150 அடி நீளத்துக்கு ஓர் இடமாவது பார்த்தாக வேண்டும். ஆய்வுக்கு வருபவர் கேட்பது இந்தக் குறிப்பேட்டைத்தான்.

அப்புறம் ஆய்வகச் சோதனை. 5,000 கன கஜத்துக்கு ஒரு மாதிரி எடுத்து சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி, காரீயம், காட்மியம் போன்றவற்றைப் பார்ப்பார்கள். 2018 முதல் இன்னொரு நிபந்தனையும் உண்டு: 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகத் துண்டுகள் உலர் எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த 0.5 சதவீதத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கலாம். எனக்குத் தெரிந்து, இருப்பதிலேயே கடினமானது இதுதான். சூட்டைத் தளத்துக்காரர் சமாளித்துவிடுவார். நாம் புல்லைக் கேரிபேக்கில் கட்டி அப்படியே போட்டால், அரவை இயந்திரம் பையையும் சேர்த்துக் கிழித்துவிடும். அந்தத் துணுக்குகளைப் பொறுக்கி எடுப்பது பெரும்பாடு.

கொல்லையில் மக்கவைப்பவர்கள் பயப்பட வேண்டாம். 100 கன கஜம், 750 சதுர அடிக்கு உட்பட்ட குவியலுக்கு இந்தக் கம்போஸ்ட் தள அனுமதி தேவையில்லை.

ஊர் நிர்வாகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஆளுக்கு ஆண்டுக்கு 0.08 டன் மக்கும் கழிவுக்கு ஈடான கம்போஸ்ட், மண்ணை மூடப் போடும் மரச்சீவல், கழிவிலிருந்து எடுத்த எரிவாயு போன்றவற்றை அவை வாங்கியாக வேண்டும். அதனால் பல ஊர்களில் குடியிருப்பவர்களுக்குக் கம்போஸ்ட் இலவசமாகவே கிடைக்கிறது. தேதியை நகராட்சியின் இணையதளத்தில் பாருங்கள். வாளியும் மண்வெட்டியும் நீங்களே கொண்டுபோக வேண்டியிருக்கும். முகவரிச் சான்றும் கேட்கலாம்.