துளசிக் கதிரைக் கிள்ளாதீர்கள்

"சார், மாடி முழுக்கப் பூ. ஒரு தேனீ எட்டிப் பாக்கல. பரங்கி எல்லாம் பிஞ்சுலயே வெம்பி விழுது. ஒரு பெட்டி கொண்டாந்து வைங்க."

இந்த மாதம் இது மூன்றாவது போன். தேனீப் பெட்டி வைத்துப் பிழைப்பவன்தான் நான். ஆனால் தீனி இல்லாத இடத்தில் வைத்தால் பெட்டியில் இருக்கிற அடுக்குத் தேனீ கூட்டத்தோடு கிளம்பிவிடும். பெட்டிக்காசு உங்களுக்கு நஷ்டம், கெட்ட பேர் எனக்கு.

மதுரை ஐயர் பங்களா பக்கம் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அடுக்குச் செம்பருத்தி, பந்து பந்தாகச் செண்டுமல்லி, ஒட்டு ரோஜா, காகிதப்பூ. ஒரு செம்பருத்தியைப் பறித்து அந்த அம்மாவின் கையிலேயே பிரித்துக் காட்டினேன். ஒற்றைச் செம்பருத்தியில் நடுவே மஞ்சள் பொடியோடு ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா? அடுக்கில் அதுதான் இதழாக மாறிக் கிடக்கிறது. பொடி பேருக்குத்தான். பூ பெருக்க, இதழ் பெருக்க, தேனீயின் பங்கு குறைகிறது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நல்ல விலை போகிற பூ வேறு, தேனீ தேடும் பூ வேறு. மதுரைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், நம் மல்லியும் அப்படித்தான். பொழுது சாய்ந்து விரிகிற பூ, அதையும் மொட்டிலேயே பறித்துவிடுகிறோம்.

பரங்கியை விட்டால் அந்த வீட்டில் தேனீக்கு ஆகிற செடி ஒன்றே ஒன்று இருந்தது, துளசி. அதன் கதிரையும் தினமும் கிள்ளிவிடுகிறார்களாம், புதராக வளரட்டும் என்று! பாதிக் கதிரையாவது விடுங்கள், தாயே. கொத்தமல்லியில் நாலு செடியைப் பூக்க விடுங்கள். முருங்கை, கொடிரோஸ், ஒற்றை இதழ்ப் பத்துமணிப்பூ போதும். சித்திரை வெயிலில் கூட்டைக் குளிர்விக்கத் தேனீக்குத் தண்ணீரும் வேண்டும். அகலத் தட்டில் கூழாங்கல் போட்டு ஊற்றுங்கள், வாளியில் வைத்தால் விழுந்து சாகும்.

மாவுப்பூச்சிக்கென்று கடையில் இமிடாகுளோபிரிட் கொடுப்பார்கள். செடிச் சாற்றோடு ஏறிப் பூந்தேனுக்கே வந்துவிடும் மருந்து அது. பூக்கிற செடிக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய், அதுவும் இருட்டிய பிறகு.

பரங்கிக்கு இப்போதைக்கு நீங்களே தேனீ. விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண்பூவின் நடுவில் தடவுங்கள்.

கிளம்பும்போது கவனித்தேன், மீட்டர் பெட்டிக்குக் கீழே சுவரில் மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கொசுத்தேனீக் கூட்டின் வாசல் அது. அந்தத் தேனீக்குக் கொட்டுகிற கொடுக்கு கிடையாது. அடுத்த வாரம் பூச்சுவேலைக்குக் கொத்தனார் வருகிறாராம். அந்த ஓட்டையை மட்டும் அடைக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.