ரிசர்ச்சுக்குத் தமிழ் ஆய்வா, ஆராய்ச்சியா?

கோலாலம்பூரில் ஒரு தமிழரிடம் "ஆராய்ச்சி" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அவருக்கு உடனே நினைவுக்கு வருவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடுதான். மேடை, மாலை, பொன்னாடை, கட்டுரை வாசிப்பு, மதியச் சாப்பாடு. அதே ஆளிடம் "ரிசர்ச்" என்று சொன்னால் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய், யாரோ ஒரு டாக்டர் என்று மனம் வேறு பக்கம் போய்விடும். பண்பாட்டுக்குத் தமிழ்ச் சொல், அறிவியலுக்கு ஆங்கிலச் சொல் என்று நமக்குள்ளேயே எப்படியோ பாகம் பிரித்துக்கொண்டோம். அப்படிப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. கீரைக்கட்டு, ரப்பர் மரம், வைரஸ், கல்வெட்டு என்று எதுவானாலும் தாங்குகிற சொல் நம்மிடம் இருக்கிறது. அது எப்படிப்பட்ட சொல் என்று பார்ப்போம்.

முதலில் ஆங்கிலச் சொல்லை முடித்துவிடுவோம். ரிசர்ச் என்பது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் பின்னால் இருப்பது வட்டம் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல், அதிலிருந்து வந்த "சுற்றி வருதல்", "சுற்றித் தேடுதல்". சர்க்கஸுக்கும் இதற்கும் ஒரே வேர் என்றால் சிலர் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. முன்னால் ஒட்டியிருக்கும் "ரி" என்பதை "மீண்டும்" என்று எடுத்துக்கொண்டு "மீள்தேடல்" என்று தமிழாக்கம் செய்பவர்கள் உண்டு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த "ரி" திரும்பவும் என்று சொல்ல வந்ததல்ல, அழுத்தம் கொடுக்க வந்தது, அதாவது "நன்றாக, விடாமல் தேடு" என்பதற்கு, என்றே சொற்பிறப்பு அகராதிகள் கருதுகின்றன. அதனால் மீள்தேடலைத் தாராளமாக விட்டுவிடலாம்.

தமிழில் வேர் "ஆய்". வீட்டில் கீரை ஆய்கிறோம் இல்லையா, அதே ஆய். பழுத்த இலையைத் தள்ளி, பூச்சி அரித்ததைத் தள்ளி, முற்றின தண்டை ஒடித்துப் போட்டு, நல்லதை மட்டும் எடுத்து வைப்பது. இலக்கியத்தில் வருகிற "ஆயிழை" என்ற பெண்ணும் அங்கிருந்துதான் வருகிறாள், ஆய்ந்தெடுத்த அணிகலன் அணிந்தவள். தொல்காப்பியம் உரியியலில் இன்னொரு பொருளும் கிடைக்கிறது: "ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்". அதாவது ஆய்தல் என்றால் இருப்பது நுணுகிப்போவது. ஆய்த எழுத்துக்குப் பெயர் வந்த காரணத்தையும் இந்த நுணுக்கத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆக ஒரு வேரில் இரண்டு வேலை இருக்கிறது: வேண்டாததைக் கழித்துத் தேர்ந்தெடுப்பது, நுணுகுவது. தேடுவது என்ற பொருள் அதில் முதன்மையாக இல்லை. கைபேசி வாங்குவதற்கு முன் இரவு முழுக்க கூகுளில் பார்த்துவிட்டு "நான் நல்லா ரிசர்ச் பண்ணிட்டேன்" என்கிறார்களே, தமிழில் அது வெறும் தேடல். தேடிக் கிடைத்ததில் எது சொத்தை என்று பிரித்த பிறகுதான் ஆய்வு தொடங்குகிறது.

சரி, ஆராய்ச்சி? "ஆர" என்றால் நிறைய, முழுக்க. கண்ணாரக் கண்டேன், வயிறாரச் சாப்பிட்டேன், வாயார வாழ்த்தினார் என்கிறோமே, அந்த ஆர். ஆர ஆய்வது ஆராய்வது என்று பிரித்துச் சொல்வது வழக்கம். கவனியுங்கள், ஆங்கிலத்தில் "ரி" செய்கிற அழுத்த வேலையைத் தமிழில் "ஆர்" செய்கிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்காமலே இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

பழைய தமிழில் ஆராய்தல் ஆய்வுக்கூடத்தில் நடக்கவில்லை, அரசவையிலும் நட்பிலும் நடந்தது. திருக்குறளில் ஒரு முழு அதிகாரத்துக்கே பெயர் நட்பாராய்தல், அதில் "ஆய்ந்தாய்ந்து கொள்ளாதான் கேண்மை கடைமுறை தான்சாம் துயரம் தரும்" என்று வள்ளுவர் மிரட்டுகிறார். மனுநீதிச் சோழன் கதையில் பசு அடித்த மணியை நாம் ஆராய்ச்சி மணி என்கிறோம், அங்கே ஆராய்ச்சி என்றால் வழக்கு விசாரணை. இதே வேலைக்கு "தேர்தல்" என்றும் ஒரு வினை உண்டு. கண்ணகி பாண்டியனைப் பார்த்து எடுத்த எடுப்பிலேயே "தேரா மன்னா" என்கிறாள். பொற்கொல்லன் சொன்னான், சிலம்பு கையில் கிடைத்தது, முடிந்தது வழக்கு என்று சான்றைப் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுதியவன். ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் போதும், உள்ளே முத்தா மாணிக்கமா என்று தெரிந்திருக்கும். அதைக் கடைசியில் கண்ணகிதான் செய்து காட்டினாள். (நோய்நாடி நோய்முதல் நாடி குறளை எல்லா மருத்துவ மேடையிலும் சொல்லிவிடுகிறார்கள், அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.) இலங்கைப் பக்கம் போனால் சிங்களத்தில் "ஆரச்சி" என்று ஒரு பழைய ஊர் அதிகாரிப் பதவி, இன்று பல குடும்பப் பெயர்களில் வால் போல ஒட்டியிருக்கிறது. அதுவும் நம் ஆராய்ச்சியின் வழி வந்தது என்பார்கள்.

மலாயில் இரண்டு சொல் புழங்குகிறது. "பெஞெலிடிக்கான்" என்பது செலிடிக் என்ற வேரிலிருந்து, துருவிப் பார்ப்பது. "காஜியான்" என்பது காஜியிலிருந்து; குர்ஆன் ஓதக் கற்பதை மெங்காஜி என்று சொல்வார்கள், அதே காஜி. பல்கலைக்கழகப் படிவங்களில் இரண்டும் கலந்து வரும். மொழிபெயர்க்கிறவர்கள் முதலாவதற்கு ஆராய்ச்சி, இரண்டாவதற்கு ஆய்வு என்று போட்டுவிட்டு நகர்கிறார்கள், பெரும்பாலும் சரியாகவே பொருந்துகிறது.

இப்போது இந்தச் சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு வருவோம். நம் ஊர்க் கதைகளே போதும்.

பெரிபெரி என்று ஒரு நோய். கால் வீங்கும், மரத்துப்போகும், இதயம் நின்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் இதில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு இந்த நோய் அவ்வளவாக வரவில்லை. ஏன்? பிராடன் என்ற மருத்துவர் தட்டைப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய சயாம் பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1905 வாக்கில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்ற இன்னொரு மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலும் கொடுத்தார். பச்சரிசிப் பக்கம் நோயும் சாவும், புழுங்கல் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலெபுவில் வேலை செய்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதையே இன்னும் கறாராகச் செய்து, தீட்டும்போது போகிற தவிட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று காட்டினார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அதற்கு அப்புறம் தீட்டினாலும் முழுவதும் போகாது. அந்தச் சத்தைத்தான் இன்று வைட்டமின் பி1 என்கிறோம். வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் பிறந்தது, அதற்கு முன்பே கோலாலம்பூரில் சோற்றுப் பானையை வைத்து விடையை நெருங்கிவிட்டார்கள். நம் பாட்டன் பூட்டன் சாப்பிட்ட புழுங்கல் சோறு உலக மருத்துவத்தில் ஒரு சான்றாக நின்றது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும்: அந்த மனநல நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று அப்படி ஓர் ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்துப் போடாது, போடவும் கூடாது.

1998-99இல் மலேசியாவில் நிப்பா என்ற மூளையழற்சி நோய் வந்தபோதும் நடந்தது கழித்துப் பார்க்கிற வேலைதான். ஜப்பானிய மூளையழற்சி என்றே முதலில் நினைத்து, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த நோய் வழக்கமாகத் தாக்குவது குழந்தைகளை, இங்கே விழுந்தவர்கள் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பொருந்தாததைப் பொருந்தாது என்று சொல்ல ஆள் வேண்டுமே. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் அது புது வைரஸ் என்று கண்டார். நோய் அடங்குவதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போய்விட்டன.

பொறியியல், விவசாயம் என்று போனால் நம் ஆட்களுக்குப் பால்மரம்தான். 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் "ஆர்ஆர்ஐஎம் 600" என்ற மரவகையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால் வெட்டுகிறவர் வெட்டை இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயுமாகச் சாய்ப்பார். காரணம், பட்டைக்குள் பால் குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் லேசாகச் சாய்ந்து ஓடுகின்றன, எதிர்ச்சாய்வில் வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். விடிவதற்கு முன்பே போவது மரத்துக்குள் அழுத்தம் அப்போது கூடுதலாக இருப்பதால். தோட்டத்தில் கங்காணி சொல்லிச் செய்த காரியம், அதன் பின்னால் மரத்தை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்களின் உழைப்பு இருக்கிறது. பினாங்கில் வேறு மாதிரி. பாயான் லெப்பாசில் 1972இல் தடையற்ற வணிக வட்டாரம் வந்தபோது இன்டெல் முதலான நிறுவனங்கள் பொருத்துகிற வேலைக்குத்தான் வந்தன, வடிவமைப்பெல்லாம் பிறகு. அங்கே எல்லாரும் "ஆர் அண்ட் டி" என்பார்கள். தமிழில் ஆய்வும் மேம்பாடும் என்றால் போதும். ஒரு விஷயம் மட்டும் பிரிக்க வேண்டும்: நாள் முழுக்க சில்லுகளை இயந்திரத்தில் வைத்துச் சரியா தவறா என்று பார்ப்பது சோதனை, ஒரு குறிப்பிட்ட தொகுதி மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கெட்டுப்போகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வது ஆய்வு. இரண்டுக்கும் ஆய்வு என்று போட்டுக் குழப்பாதீர்கள்.

பண்பாட்டுப் பக்கத்துக்கு ஒருவரைச் சொன்னால் போதும், தனிநாயகம் அடிகள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்தபோது, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியவர் அவர்தான். மாநாட்டை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம், அதே ஆண்டு அவர் செய்த இன்னொன்றை மறந்துவிட்டோம். 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது, அதை மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்து கோலாலம்பூரில் வெளியிட்டார். மாலை மரியாதை இல்லாத வேலை. எனக்கு அவருடைய ஆராய்ச்சி என்றால் மாநாட்டைவிட இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

கடாரத்தைப் பற்றியும், அதாவது பழைய கெடாவைப் பற்றியும், சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுவது அதுதான். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலார் கெடாவின் சுங்கை பத்துவில் அகழாய்வு செய்து இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை எடுத்தார்கள். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் "எல்லாமே தமிழன் கட்டியது" என்று முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டு அதற்கேற்ற கல்லைத் தேடுவது அகழாய்வு ஆகாது. அகழ்வது மட்டும் இருக்கிறது, ஆய்வைக் காணோம். பட்டினப்பாலையில் "காழகத்து ஆக்கம்" என்று வருவது சான்று, அதைக் கடாரத்தோடு இணைப்பது ஒரு விளக்கம். சான்றுக்கும் விளக்கத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை ஒத்துக்கொள்கிறவரைத்தான் நான் ஆய்வாளர் என்பேன்.

கடைசியில் நடைமுறைக்கு வருவோம். ஆய்வு எண்ணக்கூடியது: ஓர் ஆய்வு, மூன்று ஆய்வுகள். "மூன்று ஆராய்ச்சிகள்" என்றால் காதில் இடிக்கிறது. ஆராய்ச்சி என்பது அந்த முயற்சி முழுவதற்கும், அந்தத் துறைக்கும் பொருந்தும்: மருத்துவ ஆராய்ச்சி, ரப்பர் ஆராய்ச்சி. ஆய்வுதான் மற்றச் சொல்லோடு எளிதாக ஒட்டிக்கொள்ளும்: அகழாய்வு, களஆய்வு, பகுப்பாய்வு, திறனாய்வு, ஆய்வகம், ஆய்வேடு. முனைவர் பட்டத்துக்கு எழுதுவது ஆய்வேடு, வழிகாட்டுபவர் நெறியாளர், சரிபார்க்க எடுத்துக்கொள்ளும் ஊகம் கருதுகோள், திரட்டுவது தரவு. இவையெல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை, புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. பத்திரிகைகள் மட்டும் அமைச்சர் வெள்ளம் பார்க்கப் போனாலும் "நேரில் ஆய்வு" என்று போடுகின்றன, அதற்குப் பார்வையிட்டார் என்று எழுதினாலே போதும். அப்புறம் தமிழ்நாட்டு நண்பர்களிடம் "என் மகள் ஆய்வாளர்" என்று சொல்லும்போது கொஞ்சம் விளக்கிவிடுங்கள். அங்கே ஆய்வாளர் என்றால் போலீஸ் இன்ஸ்பெக்டர்.